மிளகு இறங்கிய துறைமுகம் - சுவான்சோ நகரின் தெருக்கடை உணவுகள்

1974-ஆம் ஆண்டு, சீனாவின் தென்கிழக்குக் கரையில் ஹௌசூ என்ற இடத்தில் சேற்றுக்குள் புதைந்து கிடந்த பழைய மரக்கப்பல் ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். 13-ஆம் நூற்றாண்டில் மூழ்கிய சரக்குக் கப்பல் அது. எஞ்சியிருந்த பகுதியே 24 மீட்டர் நீளம். உள்ளே 13 அறைகள். அந்த அறைகளில் இரண்டு டன்னுக்கு மேல் வாசனைக் கட்டைகள் இருந்தன. அவற்றோடு சாம்பிராணி, கொட்டைப் பாக்கு, சோழி ஆகியவையும் இருந்தன. மிளகும் இருந்தது. எழுநூறு ஆண்டு சேற்றில் கிடந்தும் அது மிளகுதான் என்று அடையாளம் காண முடிந்தது.

வணிகர்களாகிய நமக்கு இன்னொரு செய்தி சுவையானது. சரக்கின் பெயரும் உடைமையாளர் பெயரும் எழுதிய மரச்சீட்டுகள் ஏராளமாக அந்தக் கப்பலில் கிடைத்தன. நம் மண்டியில் மூட்டைக்கு மார்க் போடுகிறோமே, அதே வேலைதான். யாருடைய சரக்கு யாருக்குப் போக வேண்டும் என்பதில் குழப்பம் வரக்கூடாது என்ற கவலை அன்றைக்கும் இருந்திருக்கிறது.

அந்தக் கப்பல் வந்து சேர்ந்த ஊர் சுவான்சோ. நம் வணிகர்கள் பலர் கண்காட்சிக்குப் போய் வரும் குவாங்சோ வேறு, இது வேறு. இது புஜியான் மாநிலத்தில், தைவான் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கிறது. அரபு வணிகர்கள் இதை சைத்தூன் என்று அழைத்தார்கள். ஊரைச் சுற்றி நட்டிருந்த ஒரு மரத்தின் சீனப் பெயரிலிருந்து வந்த பெயர் அது. அந்த மரம் நமக்கும் தெரிந்ததுதான். கல்யாண முருங்கை என்றும் முள்முருங்கை என்றும் சொல்லி, மிளகுக் கொடி படர நட்டு வைக்கிறோமே, அதே மரம். மேற்கே அலெக்சாண்டிரியாவுக்கு ஒரு கப்பல் மிளகு போனால் சைத்தூனுக்கு நூறு கப்பல் வருகிறது என்ற கருத்தில் மார்க்கோ போலோ எழுதி வைத்திருக்கிறார்.

நம்மவர்களும் அங்கே போயிருக்கிறார்கள். 1281-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று அந்த ஊரில் கிடைத்திருக்கிறது. சம்பந்தப் பெருமாள் என்பவர் அங்கே சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தி அதில் உள்ளது. கல்வெட்டின் முடிவில் சீன எழுத்தும் உண்டு. ஊரின் பெரிய பௌத்த ஆலயமான கையுவான் கோயிலின் பின்புறத்தில் கண்ணன், நரசிம்மர் உருவங்கள் செதுக்கிய இரண்டு தூண்கள் இன்றும் நிற்கின்றன.

கல்வெட்டையும் தூணையும் வரலாற்று ஆசிரியர்கள் ஆராயட்டும். மளிகைக் கடைக்காரர் பார்க்க வேண்டிய இடம் அந்த ஊரின் தெருக்கடை. கப்பலில் வந்து இறங்கிய சரக்கெல்லாம் கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை அங்கே ஒவ்வொரு கிண்ணத்திலும் காணலாம். அசைவம் தொடாத உறுப்பினர்கள் சில பத்திகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவர்களுக்கான பண்டமும் பின்னால் வருகிறது.

காலைக் கிண்ணம்

சுவான்சோவில் பொழுது விடிந்ததும் கேட்கும் பண்டம் மியன்சியன்ஹு. மியன்சியன் என்பது கோதுமை மாவை நூலாக இழுத்து வெயிலில் காயவைத்த சேமியா. நம் சேமியாவைவிட மெல்லியது. உப்புச் சேர்த்துப் பிசைவதால் கெடாமல் இருக்கும். பன்றி எலும்பும் இறாலும் போட்டுக் கொதித்த சாற்றில் இதை நொறுக்கிப் போட்டு, கிழங்கு மாவைக் கரைத்து ஊற்றிக் கிளறினால், கூழ் போலவும் இல்லாமல் சூப் போலவும் இல்லாமல் ஒரு பதத்துக்கு வருகிறது. பதம் தவறினால் களியாகிவிடும்.

கடையின் முன்பக்கம் தட்டுத் தட்டாக மேலே போடும் பண்டங்கள் இருக்கும். வினிகரில் ஊறவைத்துப் பொரித்த இறைச்சி, குடல், ஈரல், சிப்பி, கணவாய், எண்ணெயில் பொரித்த நீள மாவுக்குச்சி என்று பல. வாடிக்கையாளர் விரலால் காட்டுவார். கடைக்காரர் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக நறுக்கிக் கிண்ணத்தில் போடுவார். கடைசியில் வெங்காயத் தாளும் ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத் தூளும். அந்த ஒரு சிட்டிகை இல்லாவிட்டால் கிண்ணம் முழுமை பெறாது.

மிளகுக்குச் சீன மொழியில் ஹுஜியாவ் என்று பெயர். ‘ஹு’ என்பது மேற்கே இருந்த அந்நியர்களைக் குறிக்கும் சொல். அந்நியர் கொண்டுவந்த காரம் என்று பெயரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஒரு காலத்தில் செல்வர் வீட்டுச் சரக்காக இருந்த மிளகு, இன்று வேலைக்குப் போகிறவர் நின்றபடி குடிக்கும் காலைக் கிண்ணத்தில் இருக்கிறது.

கயிற்றில் சுற்றி வந்த கிழங்கு

மேலே சொன்ன கிழங்கு மாவு சர்க்கரைவள்ளிக் கிழங்கிலிருந்து எடுப்பது. சேலத்துச் சேகோ ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலைத் தெளியவைத்து மாவு எடுப்பது போன்ற வேலைதான். சுவான்சோவின் தெரு உணவில் பாதிக்கு மேல் இந்த மாவை நம்பியே நிற்கிறது. கூழைக் கெட்டிப்படுத்தவும், இறைச்சியைப் பொரிக்குமுன் புரட்டவும், சிப்பி அடை வார்க்கவும் இதுவே வேண்டும். மக்காச்சோள மாவைப் போட்டுச் சமாளித்தால், அந்த இழுவையும் மெல்லும் பதமும் வராது. சாப்பிடுகிறவர் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

இத்தனைக்கும் சர்க்கரைவள்ளி அந்த மண்ணின் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்துப் பயிர். ஸ்பானியர்கள் அதைப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே லூசோன் தீவில் வியாபாரம் செய்துகொண்டிருந்த புஜியான் வணிகர் சென் சென்லோங் என்பவர் 1593-ஆம் ஆண்டு அதன் கொடியைத் தம் ஊருக்குக் கொண்டுசென்றார். வெளியே கொண்டுபோகத் தடை இருந்ததால் கப்பல் கயிற்றோடு கயிறாகச் சுற்றி மறைத்துக் கொண்டுபோனார் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அடுத்த ஆண்டு புஜியானில் பஞ்சம் வந்தபோது, மாநில ஆளுநர் இந்தப் பயிரைப் பரப்பச் செய்தார். நெல் விளையாத மணல் பூமியிலும் இது விளைந்தது. இதற்கும் அங்கே ‘அந்நியக் கிழங்கு’ என்றே பெயர். நிலக்கடலையும் இப்படியே கடல் கடந்து வந்து புஜியானில் ஊன்றிக்கொண்டது.

ஒரு வணிகர் இலாபத்துக்காகவோ ஊர்ப் பாசத்துக்காகவோ கொண்டுவந்த ஒரு கொடி, பல தலைமுறைக்குச் சோறு போட்டிருக்கிறது. வணிகர் வேலை வாங்கி விற்பது மட்டும்தான் என்று நினைப்பவர்களுக்கு இந்தச் சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

சிப்பியும் சேற்றுப் புழுவும்

சிப்பி அடை செய்வது எளிது. சிறு சிப்பிகளைக் கிழங்கு மாவுக் கரைசலிலும் பூண்டுத் தாளிலும் கலந்து, சூடான கல்லில் ஊற்றி, மேலே முட்டையை உடைத்து விடுகிறார்கள். ஓரம் மொறுமொறுப்பாகவும் நடுவில் வழுவழுப்பாகவும் இருக்க வேண்டும். சிப்பி அன்று காலை உடைத்ததாக இருந்தால் மட்டுமே சுவை.

இந்த ஊருக்கும் சிப்பிக்கும் உறவு பழையது. 1053 முதல் 1059 வரை கட்டிய லுவோயாங் பாலத்தின் அடித்தளக் கற்களை இறுக்கிப் பிடிக்க, அந்தக் கற்களின் மேலேயே சிப்பி வளர்த்தார்கள். சிப்பி ஒட்டி வளர வளரக் கற்கள் ஒன்றோடொன்று பிணைந்தன. சிமெண்ட் இல்லாத காலத்துக் கெட்டிக்காரத்தனம்! அருகில் சுன்பூ என்ற மீனவர் குடியிருப்பில், வீட்டுச் சுவர்களையே சிப்பி ஓடுகளால் எழுப்பியிருக்கிறார்கள். அங்கே ஆண்கள் கடலுக்குப் போவார்கள். சிப்பியை உடைப்பதும், காவடித் தண்டில் கூடை கட்டிச் சந்தைக்குச் சுமப்பதும், பேரம் பேசி விற்பதும் பெண்கள் கையில். கொண்டையைச் சுற்றி வட்டம் வட்டமாகப் பூ வைத்துக்கொண்டு வியாபாரத்துக்கு வருவது அவர்கள் வழக்கம்.

இன்னொரு பண்டம் கேட்பதற்கு முகம் சுளிக்க வைக்கும். அலை வற்றும் சேற்றில் வாழும் ஒரு வகைப் புழுவைக் கழுவிக் கொதிக்கவைத்தால் அதிலிருந்து பிசின் இறங்குகிறது. சிறு கிண்ணங்களில் ஊற்றி ஆறவைத்தால், எதுவும் சேர்க்காமல் தானே கட்டியாக உறைந்துவிடுகிறது. இதற்கு தூசுந்தோங் என்று பெயர். ‘மண்ணின் மூங்கில் குருத்து உறைந்தது’ என்று பொருள். புழுவைக் குருத்து என்று சொல்லி விற்ற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஆன்ஹாய் என்ற ஊரின் சரக்கு என்றால் மதிப்பு அதிகம். வினிகர், பூண்டு, கடுகு விழுது தொட்டுச் சாப்பிடுகிறார்கள்.

கடல் தாண்டிய சுருள்

சிங்கப்பூர், மலேசியாவில் உறவினர் உள்ளவர்கள் பொப்பியா என்ற பண்டத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அதன் தாய் வீடு இந்தப் பகுதிதான். பிசைந்த மாவுருண்டையைக் கையில் பிடித்துச் சூடான கல்லில் ஒரு தேய்ப்புத் தேய்த்து எடுத்தால், காகிதம் போன்ற மெல்லிய ரொட்டி கல்லில் ஒட்டி நிற்கும். அதற்குள் காரட், முட்டைகோஸ், முளைப்பயறு, காய்ந்த இறால், இறைச்சி ஆகியவற்றை வதக்கி வைத்து, பொரித்த கடற்பாசியும் சர்க்கரை கலந்த கடலைப் பொடியும் தூவிச் சுருட்டுகிறார்கள். முன்னோரை நினைத்துக் கல்லறைகளைத் துப்புரவு செய்யும் சிங்மிங் நாளில், வீடு முழுவதும் கூடி உட்கார்ந்து, அவரவர் சுருளை அவரவரே சுருட்டிச் சாப்பிடுவது சுவான்சோ வழக்கம்.

பிழைப்புத் தேடிக் கடல் தாண்டிய புஜியான் மக்கள் இதை எடுத்துச் சென்றார்கள். பிலிப்பைன்ஸிலும் இந்தோனேசியாவிலும் இது லும்பியா ஆயிற்று. சிப்பி அடையும், இலையில் கட்டி அவிக்கும் இறைச்சிச் சோற்றுப் பொட்டலமும் அப்படியே போயின. அந்தப் பொட்டலத்தைச் சீனாவின் பல பகுதிகளில் பண்டிகையை ஒட்டியே செய்வார்கள். சுவான்சோவில் அது ஆண்டு முழுவதும் கடைப்பண்டம். ஒட்டும் அரிசி, காளான், கஷ்கொட்டை, காய்ந்த இறால், இறைச்சி எல்லாம் உள்ளே. மேலே கடலைச் சாறும் பூண்டுச் சாறும்.

நமக்குத் தெரிந்த சரக்குகள்

சைவ உறுப்பினர்களுக்கு இங்கே இடம் உண்டு. நம் கடைகளில் சைனா கிராஸ் என்று விற்கிறோமே, அந்தக் கடற்பாசிதான் சுவான்சோவின் கோடைக்காலப் பண்டம். பாசியை வெயிலில் காயவைத்து, கொதிக்கவிட்டு, வடிகட்டி, ஆறவைத்து, உறைந்ததும் நூல் நூலாகச் சீவித் தேன் ஊற்றித் தருகிறார்கள். அதோடு தாமரை விதை, பச்சைப் பயறு, பார்லி, ஜவ்வரிசி சேர்த்தால் ‘நாலு பழச் சாறு’ என்ற பெயரில் வேறொரு பண்டம். பெயரில் பழம் இருந்தாலும் உள்ளே பயறும் தானியமுமே அதிகம். மன்னார் வளைகுடாவில் நம் மீனவப் பெண்கள் கடலில் மூழ்கிச் சேகரிப்பதும் இந்த இனத்துப் பாசியே. ரமலான் மாதத்தில் அதை வாங்கிப் போகும் வாடிக்கையாளர்களை நாம் அறிவோம். மற்ற மாதங்களில் அது அலமாரியின் மூலையில் கிடக்கிறது.

அடுத்து எள் எண்ணெய். முற்றிய இஞ்சியைச் சீவி எள் எண்ணெயில் வதக்கி, வாத்தோடு மண்சட்டியில் மணிக்கணக்காக வேகவைக்கும் கடைகள் அங்கே உண்டு. கடை வாசலில் சட்டிகளை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். வாசனையே விளம்பரம். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளில் ஆட்டியது. அவர்களுடையது வறுத்த எள்ளில் எடுத்தது. அதனால் நிறமும் மணமும் வேறு.

வினிகருக்கு யோங்சுன் என்ற பக்கத்து வட்டாரம் புகழ் பெற்றது. ஒட்டும் அரிசி, சிவப்பு நொதி ஏற்றிய அரிசி, எள் ஆகியவற்றைக் கொண்டு செய்து, ஜாடிகளில் ஆண்டுக்கணக்கில் பழகவிட்டு எடுக்கிறார்கள். சீனாவின் நான்கு பேர் பெற்ற வினிகர்களில் ஒன்றாக அதைச் சொல்வார்கள். இன்னொரு வட்டாரமான ஆன்சி தேயிலைக்குப் பேர் போனது. தேயிலை என்ற நம் சொல்லில் உள்ள ‘தே’ புஜியான் கரையோர மக்களின் பேச்சிலிருந்து வந்ததே. கடல் வழியாகத் தேயிலை பெற்றவர்கள் ‘தே’, ‘டீ’ என்றார்கள். தரை வழியாகப் பெற்றவர்கள் ‘சா’, ‘சாய்’ என்றார்கள். டீயும் சாயாவும் இரண்டும் வழங்குகிற நம் ஊருக்கு இரண்டு வழியிலும் பெயர் வந்து சேர்ந்திருக்கிறது.

கப்பல் போன பிறகு

இவ்வளவு பெரிய துறைமுகம் என்ன ஆயிற்று? 1357 முதல் 1366 வரை அங்கே நடந்த கலகத்தில் அயல்நாட்டு வணிகர்கள் அழிந்தும் சிதறியும் போனார்கள். பின்னர் வந்த மிங் அரசு தனியார் கடல் வணிகத்துக்குத் தடை போட்டது. 15-ஆம் நூற்றாண்டில் கடல் வணிக அலுவலகமும் புஜோ நகருக்குப் போயிற்று. துறைமுகம் மண்மூடியது. நம்மவர்கள் கட்டிய கோயிலும் போய், செதுக்கிய கற்கள் மட்டும் ஊரின் பல இடங்களில் சிதறிக் கிடந்தன.

பெரிய வணிகம் போயிற்று. ஆனால் அது கொண்டுவந்த மிளகும், கிழங்கும், கடலையும் சின்னக் கடைக்காரர் அடுப்பில் நிலைத்துவிட்டன. எந்த அரசாணையாலும் காலைக் கிண்ணத்தை நிறுத்த முடியவில்லை.

இன்றைய சுவான்சோ ஏழை ஊர் அல்ல. காலணி, ஆயத்த ஆடை, பாக்கெட் தின்பண்டம் ஆகியவற்றில் பெரிய தொழில் வட்டாரம். 1989-இல் தொடங்கிய டாலி போன்ற பெரிய தின்பண்ட நிறுவனம் இந்த வட்டாரத்திலிருந்து எழுந்ததே. அந்த பாக்கெட்டுகள் சீனா முழுவதும் போகின்றன. ஆனாலும் காலையில் சூடான கூழைப் பாக்கெட்டில் அடைக்க முடியவில்லை. தெருக்கடைக்காரர் பிழைப்பதற்கு அதுவே காரணம்.

அவர்களுக்கும் இப்போது ஒரு சோதனை வந்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்த ஊரின் 22 இடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. 2023-இல் சுன்பூ பெண்களின் பூக்கொண்டை நாடு முழுவதும் மோகமாகப் பரவியது. சிப்பிக் கூடை நடமாடிய சந்துகளில், வெளியூர்ப் பெண்களுக்குத் தலையில் பூ வைத்து, உடை வாடகைக்குத் தந்து, படம் எடுத்துக் கொடுக்கும் கடைகள் பெருகின. கூட்டம் வந்தால் வியாபாரம் வரும். வாடகையும் ஏறும். ஒருமுறை வந்து போகிறவருக்கு விற்பதா, நாள்தோறும் வருகிறவருக்கு விற்பதா என்ற கேள்வி அங்கே ஒவ்வொரு கடைக்காரர் முன்னும் நிற்கிறது. ஒருமுறை வருகிறவர் மாவில் கலப்படம் இருந்தாலும் அறியமாட்டார். நாள்தோறும் வருகிறவர் மறுநாள் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார். பழைய பண்டத்தின் பதத்தை இதுவரை காத்து வந்தவர் அந்த இரண்டாவது ஆள்தான்.

நாம் கவனிக்க வேண்டியவை

சுவான்சோ கடைக்காரரிடம் நாம் பார்த்துக்கொள்ளக் கூடியவை நான்கு:

1. ஒரு கடை, ஒரு பண்டம். பத்துப் பண்டம் அரைகுறையாகச் செய்வதில்லை. கூழ்க் கடையில் கூழ், வாத்துக் கடையில் வாத்து. கொள்முதல் குறைவு, கழிவு குறைவு, கைப்பழக்கம் அதிகம்.

2. அடிப்படைக் கிண்ணத்துக்குக் குறைந்த விலை. மேலே போடும் ஒவ்வொன்றுக்கும் தனி விலை. கையில் சில்லறை மட்டும் உள்ளவரும் வரலாம், காசு உள்ளவரும் வரலாம். இருவரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள்.

3. ஒவ்வொரு பண்டத்துக்கும் தனித் தொடுசாறு. புழுக் கட்டிக்கு வினிகரும் கடுகும், சோற்றுப் பொட்டலத்துக்குக் கடலைச் சாறு. பண்டம் வயிற்றுக்கு, சாறு நினைவுக்கு.

4. மூலச்சரக்கில் சமரசம் இல்லை. மாவு எந்தக் கிழங்கு, வினிகர் எந்த ஊர், சிப்பி எத்தனை மணிக்கு உடைத்தது என்பது கடைக்காரருக்குத் தெரியும், வாங்குகிறவருக்கும் தெரியும்.

இந்த நான்காவதுதான் மளிகைக்காரர்களாகிய நம்மைத் தொடுகிறது. தெருக்கடை தனியாக நிற்பதில்லை. அதற்குப் பின்னால் மாவும் மிளகும் எண்ணெயும் கொடுக்கும் ஒரு மளிகைக் கடை இருக்கிறது. நம் தெருமுனையில் மாலையில் பஜ்ஜி போடும் அக்காவும், இட்லிக் கடை வைத்திருக்கும் அண்ணனும் தினமும் கால் கிலோ, அரைக் கிலோவாக நம்மிடம் வாங்குகிறவர்கள். காலையில் சரக்கு, இரவில் பணம் என்று கணக்கு எழுதிக் கொடுப்பவர்கள் நாம். பெரிய அங்காடியும், கைப்பேசியில் ஆர்டர் எடுக்கும் நிறுவனமும் இந்த வாடிக்கையை எடுத்துக்கொள்ள வருவது எளிதல்ல, நாம் நம் பங்கைச் சரியாகச் செய்தால்.

அவர்கள் எந்தக் கடலை மாவில் பஜ்ஜி நன்றாக வருகிறது என்கிறார்கள், எந்த அரிசி ரகத்தில் இட்லி பூக்கிறது என்கிறார்கள் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டு வைத்திருக்கிறோம்? இந்த வாரம் கேட்டுப் பாருங்கள். கேட்ட ரகத்தைத் தவறாமல் இருப்பு வையுங்கள். மூலையில் கிடக்கும் சைனா கிராஸ் பாக்கெட்டோடு, அதைக் காய்ச்சும் விதத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கோடைக்காலத்தில் முன் அலமாரியில் வையுங்கள். கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். அந்த அக்காவின் அடுப்பு எரிகிறவரை நம் கல்லாவுக்கும் வேலை இருக்கும்.